கேமரன் மலை இடைத்தேர்தல் சொன்ன கணக்கு



தானா ராத்தாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒருநாள் சாயங்காலம் சங்க வேலையாக லயத்துப் பக்கம் போயிருந்தோம். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி நம்மைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, நானும் எத்தனையோ தேர்தல் பார்த்துட்டேன். அரிசி வந்துச்சு, சேலை வந்துச்சு, பெரிய பெரிய ஆளுங்க காரிலே வந்தாங்க. ஓட்டுப் போட்டு நமக்கு என்னதான் வந்துச்சு?"

பக்கத்தில் நின்ற ஒருவர், "அதான் அரிசி வந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்களே, பாட்டி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பிய பிறகு அந்தக் கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை. பாட்டிக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்ற குறைதான் இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம்.

பதிலைத் தேடித் தூர தேசம் போக வேண்டியதில்லை. நம் மலையிலேயே 2019ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. நம்மில் பலர் அன்றைக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்கள்தான். யார் ஜெயித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் ஜெயித்தார், அதில் நமக்கு என்ன பாடம் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் குறைவு. இன்று யோசிப்போம்.

நடந்தது என்ன?

கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி 2004ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில்தான் முதன்முதலாகப் போட்டிக்கு வந்தது. தானா ராத்தா, ஜெலாய் என்ற இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்ததுதான் இது. மேலே தேயிலை, காய்கறி, கடைத்தெரு. கீழே ஜெலாய்ப் பக்கம் மலாய்க் கம்பங்களும் பெல்டா நிலத்திட்டமும். இரண்டுக்கும் இடையே காட்டோரங்களில் ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்புகள்.

தொகுதி பிறந்த நாள் முதல் தேசிய முன்னணி அதை ம.இ.கா.வுக்கே ஒதுக்கி வந்தது. முதலில் டத்தோ தேவமணி, 2013இல் அப்போதைய ம.இ.கா. தலைவர் டத்தோஸ்ரீ பழனிவேல், 2018இல் டத்தோ சிவராஜ். மூவரும் ஜெயித்தார்கள். ஆனால் இடைவெளியைக் கவனியுங்கள். 2013இல் பழனிவேல் 462 ஓட்டில் ஜெயித்தார். 2018 மே மாதம் ஐந்து முனைப் போட்டியில் சிவராஜுக்கு 10,307, ஜனநாயக செயல் கட்சியின் மனோகரனுக்கு 9,710. வித்தியாசம் 597. ஒரு நடுத்தரத் தோட்டத்து ஆட்கள் மனம் மாறினால் முடிவு மாறிவிடும் என்ற நிலை.

தோற்ற மனோகரன் தேர்தல் மனு போட்டார். ஓராங் அஸ்லி கிராமத் தலைவர்களுக்கும் வாக்காளர்களுக்கும் ஓட்டுக்காகப் பணம் கொடுக்கப்பட்டது என்பது புகார். 2018 நவம்பர் 30ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம், லஞ்சம் நடந்தது மெய்தான் என்று சொல்லி அந்தத் தேர்தலைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. நாற்காலி காலியானது. ஜனவரி 12ஆம் நாள் வேட்புமனு, 26ஆம் நாள் வாக்களிப்பு என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது.

இங்கேதான் ஒரு திருப்பம். ம.இ.கா. தொகுதியை விட்டுக் கொடுத்தது. தேசிய முன்னணி தன் நேரடி வேட்பாளராக ரம்லி முகமட் நோர் என்பவரை நிறுத்தியது. ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி, ஓராங் அஸ்லி மக்களில் செமாய் இனத்தவர். ஜனநாயக செயல் கட்சி மீண்டும் மனோகரனையே நிறுத்தியது. சுயேச்சைகள் இருவர். பாஸ் கட்சி ஆளை நிறுத்தாமல் தேசிய முன்னணிக்கு ஆதரவு தந்தது.

முடிவு: ரம்லி 12,038. மனோகரன் 8,800. வித்தியாசம் 3,238. நாடு சுதந்திரம் அடைந்து 61 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, முதன்முதலாக ஓர் ஓராங் அஸ்லி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மக்களவைக்குள் காலடி வைத்தார். 2018 மே மாதம் நம்பிக்கைக் கூட்டணி ஆட்சிக்கு வந்த பிறகு நடந்த இடைத்தேர்தல்களில் அது கண்ட முதல் தோல்வியும் இதுவே.

ஓட்டுக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

"ஓராங் அஸ்லி ஆளை நிறுத்தினாங்க, அதனாலே ஜெயிச்சாங்க" என்று டீக்கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும்.

2018இல் பாஸ் கட்சி தனியாக நின்று 3,587 ஓட்டு வாங்கியிருந்தது. அதை அப்படியே தேசிய முன்னணியின் 10,307உடன் கூட்டினால் 13,894 வருகிறது. ஆனால் இடைத்தேர்தலில் ரம்லிக்கு விழுந்தது 12,038தான். ஆக, பாஸ் ஒதுங்கிக் கொண்டதே அந்தப் பக்கத்துக்குப் பெரிய பலம். மனோகரனுக்கோ முந்திய தேர்தலைவிட 910 ஓட்டுக் குறைந்தது. இடைத்தேர்தலில் ஓட்டுப் போட வந்தவர்களே குறைவு. சுமார் 32,000 வாக்காளர்களில் நூற்றுக்கு 69 பேர்தான் வந்தார்கள். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இரண்டாவது முறை மலையேறி வரவில்லை. பஸ் காசு யார் கொடுப்பது? லீவு யார் கொடுப்பது?

கட்சிகளின் கூட்டல் கழித்தல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஜெயிக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட ஒரு பெரிய கூட்டணி, பதினைந்து வருஷமாக ஒரு கட்சிக்குக் கொடுத்து வந்த இடத்தை எடுத்து ஓராங் அஸ்லி ஒருவரிடம் கொடுத்ததே, அது ஏன்? அந்தத் தொகுதியில் ஓராங் அஸ்லி வாக்காளர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சுமார் 7,000 பேர். 597 ஓட்டில் நிற்கும் தொகுதியில் 7,000 பேர் என்றால் அது சின்ன விஷயமா?

தலைக்காசு

இப்போது இந்தக் கதையின் மையத்துக்கு வருவோம்.

நீதிமன்றம் கண்டுபிடித்தது என்ன? காசு போனது கிராமத் தலைவர்கள் வழியாக. அவர்களைத் தோக் பாத்தின் என்பார்கள். தோக் பாத்தினுக்கு அரசாங்கம் மாதப்படி கொடுக்கிறது. தலைவரைப் பிடித்தால் கம்பம் முழுவதும் கையில் என்பது கட்சிக்காரர்கள் எண்ணம். ஒரு கட்சி மட்டும் இப்படி நினைக்கிறது என்று சொல்ல முடியாது. இடைத்தேர்தல் பிரசாரத்தின்போது, அன்றைய ஆளுங்கூட்டணியின் செனட்டர் ஒருவர், தங்கள் வேட்பாளரை ஆதரிக்காத தோக் பாத்தின்களுக்குச் சம்பளம் நின்றுபோகும் என்ற மாதிரி பேசினார் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. ஒருவர் கொடுத்துப் பிடிக்கப் பார்த்தார், இன்னொருவர் நிறுத்திவிடுவேன் என்று பிடிக்கப் பார்த்தார். இரண்டுமே தலைவரின் தலையைத் தடவிக் கூட்டத்தை ஓட்டிப் போகிற வேலைதான்.

தோழர்களே, இதைப் படிக்கும்போது நமக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? நம் தாத்தா காலத்தில் கங்காணி இருந்தார். எத்தனை ஆள் காலையில் பெரட்டில் நிற்கிறார்களோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு. அதற்குத் தலைக்காசு என்றே பேர். வேலை செய்தவன் ஒருத்தன், அவன் தலையை எண்ணிக் காசு வாங்கினவன் இன்னொருத்தன். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்ததோடு கங்காணி ஆள் கட்டும் முறைக்கு முடிவு வந்தது. ஆனால் தலைக்காசு செத்துப்போய்விட்டதா? தேர்தல் வந்தால் கோயில் தலைவரை யார் முதலில் பார்க்கிறார்கள்? மண்டோர் வீட்டு வாசலில் எந்தக் கார் நிற்கிறது? "நம்ம லயத்து ஓட்டு முழுக்க உங்களுக்குத்தான்" என்று நம்மைக் கேட்காமலே வாக்குக் கொடுக்கிறவர் யார்? நாமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறோம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி ஓட்டுக்காகக் காசு கொடுப்பது மட்டும் குற்றமல்ல, வாங்குவதும் குற்றம். "அவங்க கொடுத்தாங்க, நான் வாங்கிக்கிட்டேன்" என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

ஆனால் அந்த ஓராங் அஸ்லி மக்களின் கதை எங்கே போய் முடிந்தது பாருங்கள். மே மாதம் தலைவர் கையில் உறை கொடுத்தால் போதும் என்று எடை போடப்பட்ட மக்கள், ஜனவரி மாதம் தங்களில் ஒருவரை வேட்பாளராக நிறுத்த வேண்டியவர்கள் ஆனார்கள். வாக்களிப்புக்கு எட்டு நாள் இருக்கும்போது, கிளந்தான் மாநிலத்தில் போஸ் சிம்போர் தெமியார் மக்களின் பூர்வீக நிலத்துக்காக மத்திய அரசாங்கமே கிளந்தான் மாநில அரசின்மேல் வழக்குப் போட்டது. தேர்தலுக்காகத்தான் செய்தார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் அந்த மாதம் நாடு முழுவதும் ஓராங் அஸ்லி நிலம் பற்றிப் பேசியது என்பது உண்மை. எட்டே மாதத்தில் அவர்கள் ஓட்டின் மதிப்பு அப்படி ஏறியது. கூட்டம் அதே கூட்டம், எண்ணிக்கை அதே எண்ணிக்கை. தலைவரின் பின்னால் இருந்த எண்ணிக்கை வெளியே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் ஊரில் இரண்டு கதை

தேர்தல் மனு, இடைத்தேர்தல் என்ற இந்த ஏற்பாடெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து வந்ததுதான். அவன் ஊர்க் கிராமங்களில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் நம் கதை இன்னும் தெளிவாகும். முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையே, கிராமத் தொகுதிகளில் நடந்த இரண்டு இடைத்தேர்தல்களைச் சொல்கிறோம்.

முதலாவது, ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய பெரிக் தொகுதி. ஆடு மாடும் வயலும் மீன்பிடியுமாக உள்ள ஊர்கள். 1922இல் அங்கே ஹில்டன் பிலிப்சன் என்பவர் ஜெயித்தார். செலவுக் கணக்கில் அவருடைய முகவர் சட்டத்தை மீறிவிட்டார் என்று மனு போட்டார்கள். 1923இல் தேர்தல் செல்லாமல் போனது. சரி, நாற்காலி யாருக்குப் போனது? அவர் மனைவி மேபல் பிலிப்சன் நின்றார், மே 31ஆம் நாள் ஜெயித்தார். முன்னாள் மேடை நடிகை. பிரிட்டிஷ் மக்களவையில் அமர்ந்த மூன்றாவது பெண் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது. அந்த அம்மாவைக் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் கோர்ட்டு கதவைத் திறந்துவிட்டது, நாற்காலியோ அதே வீட்டுக்குள்ளேயே இருந்தது. கோர்ட்டுக்கு நாற்காலியைக் காலி செய்யத்தான் தெரியும். அதில் யார் உட்காருவது என்பதைக் கோர்ட்டு சொல்லாது.

இரண்டாவது கதைதான் நமக்கு நெருக்கமானது. தெற்கு நோர்ஃபோக் தொகுதி, 1920 ஜூலை மாதம். அங்கே ஜெயித்தவர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற, எழுபது வயதை நெருங்கிய கிழவர். அவர் யார்? பண்ணைக் கூலிக்காரன் மகன். பசியாய்க் கிடந்த பிள்ளைகளுக்காக வயலிலிருந்து கிழங்கு எடுத்து வந்த குற்றத்துக்கு அவருடைய அப்பாவை ஜெயிலில் போட்டார்கள். குடும்பம் ஏழைகள் விடுதிக்குப் போனது. எட்வர்ட்ஸ் ஆறு வயதில் வயலில் காக்கை விரட்டப் போனவர். பள்ளிக்கூடம் பார்க்காதவர். கல்யாணத்துக்குப் பிறகு மனைவிதான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். 1906இல் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை ஊர் ஊராகச் சுற்றிக் கட்டினார். அந்த ஊரில் பண்ணை ஆட்களின் குடிசையும் முதலாளியுடையதுதான். வேலை போனால் வீடும் போகும். இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன? அப்படிப்பட்ட ஊரில் முதலாளிக்குப் பயப்படாமல் சங்கத்து ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்றால், அதற்குப் பின்னால் பதினான்கு வருஷத்துச் சங்க வேலை இருந்தது.

ஓர் ஆள் போதுமா?

ஆனால் தோழர்களே, கதையை இங்கே நிறுத்தினால் நாம் உங்களை ஏமாற்றினவர்கள் ஆவோம்.

எட்வர்ட்ஸ் ஜெயித்த 1920இல் பண்ணை ஆளுக்குச் சம்பள வாரியம் நிர்ணயித்த கூலி வாரம் 46 ஷில்லிங் வரை ஏறியிருந்தது. மறுவருஷம், 1921இல், அவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அரசாங்கம் அந்த வாரியத்தைக் கலைத்தது. ஒற்றை ஆளாக அவரால் தடுக்க முடியவில்லை. கூலி சரிந்தது. 1922இல் அவரும் தோற்றார். 1923இல் கூலியை இன்னும் குறைக்கப் பார்த்தபோது நோர்ஃபோக் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து 25 ஷில்லிங்கில் நிறுத்திக் காப்பாற்றினார்கள். அந்த வருஷக் கடைசியில் எட்வர்ட்ஸ் மறுபடி ஜெயித்தார். 1924இல் தொழிற்கட்சி அரசாங்கம் வந்து பண்ணைத் தொழிலாளர்க்குச் சம்பளக் குழுக்கள் அமைத்துச் சட்டம் போட்டது. எட்வர்ட்ஸ் அன்றைக்கும் அவையில் இருந்தார். ஆனால் இந்தத் தடவை அவர் தனி ஆள் அல்ல. உள்ளே கட்சி இருந்தது, வெளியே சங்கம் நின்றது.

நம் ஊர் ரம்லி முகமட் நோர் 2022 பொதுத் தேர்தலிலும் ஜெயித்தார். அந்த டிசம்பரில் மக்களவையின் துணைச் சபாநாயகர் ஆனார். ஓராங் அஸ்லி ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்வது சாதாரண விஷயம் அல்ல. அதில் நமக்கும் சந்தோஷம் இருக்க வேண்டும். 1929இல் இந்த மலையில் தேயிலை போட ஆரம்பிப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு நாற்காலி கிடைத்ததும் அவர்களுடைய நிலப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆள் அனுப்புவது முதல் படி. அனுப்பின ஆளின் பின்னால் நிற்பதுதான் மீதி ஏணி.

"நம்ம சீட்டு போச்சே!"

இடைத்தேர்தல் முடிந்த நாட்களில் நம் தோட்டங்களில் ஒரு புலம்பல் கேட்டது. "நம்ம சீட்டு போச்சு, இனிமே இந்த மலையிலே தமிழனுக்கு ஆளில்லே" என்றார்கள். வருத்தம் நியாயமானதுதான். பதினைந்து வருஷம் நம் பாஷையில் பேசக்கூடிய ஒருவர் அங்கே இருந்தார்.

ஆனால் மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். அது நம் சீட்டா? இந்தத் தொகுதியில் மலாய்க்காரர் மூன்றில் ஒரு பங்கு. சீனர் நூற்றுக்கு முப்பதை ஒட்டி. இந்தியர் நூற்றுக்குப் பதினைந்து பேர். அந்த நாற்காலி நம் பலத்தால் வந்ததல்ல, கூட்டணிக்குள் பங்கு பிரித்ததில் வந்தது. பங்கு பிரிக்கிறவர்களுக்குத் திருப்பி எடுக்கவும் தெரியும். எடுத்துக் காட்டினார்கள். நம்மைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?

அப்படியானால் நம்மிடம் இருப்பது என்ன? 32,000இல் நூற்றுக்குப் பதினைந்து என்றால் ஏறக்குறைய 4,800 ஓட்டு. 597 என்ற வித்தியாசத்தைப் போல எட்டு மடங்கு! தராசில் இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது ஒரு சின்ன எடைக்கல் போதும். நாம் அந்த எடைக்கல். நாற்காலி போனது என்று அழுகிறோம். எடைக்கல் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

எடைக்கல்லின் அருமை இலங்கைத் தோட்டத்து நம் சகோதரர்களைக் கேட்டால் தெரியும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. மலையகத் தொழிலாளர் ஓட்டு வேறு பல தொகுதிகளிலும் முடிவைச் சாய்க்கும் என்று ஆட்சியாளர்கள் கண்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம், அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மதிப்பில்லாத பொருளை யாராவது இவ்வளவு பாடுபட்டுப் பறிப்பார்களா?

நம் நாட்டிலும் 1955இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் பிரஜை இல்லை என்ற நிலை. இன்றைக்கும் நம் லயங்களில் பிறப்புப் பத்திரம் சரியில்லாமல், சிவப்பு ஐசியோடு காலம் தள்ளும் முதியவர்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் நம் எடைக்கல்லில் உதிர்ந்துபோன ஒரு துண்டு.

செய்ய வேண்டியது

2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயதான குடிமகன் ஒவ்வொருவரும் தானாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார். முன்போலப் பதிவுக்கு அலைய வேண்டியதில்லை. நல்ல காரியம். ஆனால் எந்தத் தொகுதியில் ஓட்டு என்பதை ஐசியில் உள்ள முகவரி தீர்மானிக்கிறது. பினாங்குக்கு வேலைக்குப் போன மகனின் முகவரி இன்னும் லயத்து வீடாக இருக்கும். தோட்டம் விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தவர் முகவரியை மாற்றியே இருக்க மாட்டார். தேர்தல் நாளில்தான் "என் பேரு எங்கே?" என்று தேடுவோம். இப்போதே பாருங்கள். வீட்டில் உள்ள எல்லா ஐசியையும் ஒருநாள் எடுத்து வைத்துப் பிள்ளைகளை விட்டுத் தேர்தல் ஆணையத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பத்திரம் இல்லாதவர் யார் என்று சங்கத்திடம் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, வேட்பாளர் வந்தால் கோயில் தலைவர் வீட்டில் வைத்துப் பேச விடாதீர்கள். லயத்து வாசலுக்கு வரச் சொல்லுங்கள். பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள், கொழுந்து எடுக்கும் கை உங்களுடையது. எல்லார் முன்னிலையிலும் மூன்றே கேள்வி கேளுங்கள். வேலையை விட்டு ஓய்வு பெறுகிறவருக்கு வீடு எங்கே? குறைந்தபட்சச் சம்பளம் 2019இல் 1,100 ரிங்கிட், 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 என்று சட்டம் சொல்கிறதே, அது எங்கள் சம்பளச் சீட்டில் முழுசாக வருகிறதா என்று நீங்கள் வந்து பார்ப்பீர்களா? பத்திரம் இல்லாத எங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்வீர்கள்? பதிலை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு. அடுத்த முறை வரும்போது அந்த நோட்டை எடுத்துப் படியுங்கள். அரிசி மூட்டைக்குக் கணக்கு அவர்கள் வைக்கிறார்கள், வாக்குறுதிக்குக் கணக்கு நாம் வைப்போம்.

இன்று பல தோட்டங்களில் நம்மோடு கொழுந்து வெட்டுகிறவர்கள் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. நம் தாத்தாவுக்கும் அன்றைக்கு இல்லை. அவர்கள் சம்பளம் இறங்கினால் நம் சம்பளமும் கூடவே இறங்கும். ஆகவே நாம் கேட்கும் கேள்வி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பாட்டிக்கு இப்போது பதில் சொல்கிறோம். பாட்டி, நீங்கள் கேட்டது நியாயம். இதுவரை ஓட்டுப் போட்டு நமக்கு வந்தது அரிசிதான். ஏனென்றால் நம் ஓட்டை நாம் விற்கவில்லை, நமக்காக வேறொருவர் விற்றார். தோக் பாத்தின் வழியாகப் போன காசு கோர்ட்டுக்கு வந்தபோதுதான் ஓராங் அஸ்லி மக்களின் எடை நாட்டுக்குத் தெரிந்தது. நம் எடை தெரிய ஒரு வழக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், உங்கள் வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள். நம்மிடம் கேட்ட மாதிரியே, அதே குரலில் கேளுங்கள். நோட்டும் பேனாவும் நாம் கொண்டு வருகிறோம்.